ஆண் நாய்க்குக் கருத்தடை: வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆண் நாய்க்கு ஆபரேஷன் செய்யலாமா வேண்டாமா என்பதைப் பற்றித்தான். எழுதியவர்களில் பாதிப்பேர் நாயின் வயதைச் சொல்லவில்லை, இனத்தைச் சொல்லவில்லை, எடையை ஓரிருவரைத் தவிர யாருமே சொல்லவில்லை. இந்த மூன்றும் தெரியாமல் நான் சொல்லும் பதில் குத்துமதிப்பாகத்தான் இருக்கும். அடுத்த முறை எழுதும்போது முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள்.

ஜெர்மன் ஷெப்பர்ட், ஆறு மாதம். இப்போதே செய்துவிடலாம் என்கிறார்கள். சரியா? — கோவை வாசகர்

அவசரப்படாதீர்கள். ஆறு மாதம் என்பது எல்லா நாய்க்கும் ஒரே அளவாகச் சொல்லிவந்த பழைய கணக்கு. எலும்பு வளர்ச்சி சரியான நேரத்தில் நிற்பதற்கு விரையில் சுரக்கும் ஹார்மோனும் வேண்டும். அதைச் சீக்கிரமே நிறுத்திவிட்டால் கால் எலும்பு கொஞ்சம் கூடுதலாக நீண்டு, மூட்டு பொருந்துகிற விதம் மாறுகிறது. கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் 2016-இல் உங்கள் இனத்தைப் பற்றியே ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆபரேஷன் செய்யாத ஆண் நாய்களில் நூற்றுக்கு ஏழுக்குத்தான் மூட்டுக் கோளாறு, ஒரு வயதுக்குள் செய்தவற்றில் ஏறக்குறைய இருபதுக்கு. இரண்டு வயது ஆகட்டும், அப்புறம் யோசிக்கலாம்.

பொமரேனியன், எட்டு மாதம், மூன்று கிலோ. — தாம்பரம்

மூன்றையும் எழுதியதற்கு நன்றி. செய்யலாம். சின்ன இனங்களுக்கு அந்த மூட்டுப் பிரச்சினை பெரும்பாலும் வருவதில்லை. ரத்தப் பரிசோதனை செய்யாமல் மேஜையில் ஏற்ற விடாதீர்கள். நம் ஊரில் உண்ணிக்காய்ச்சல் வெளியே தெரியாமலே இருக்கும், ப்ளேட்லெட் இறங்கியிருக்கும், கத்தி வைத்த பிறகுதான் ரத்தம் நிற்காமல் வரும்.

ஒரு விரைதான் கீழே இறங்கியிருக்கிறது. ஒரு வயது ஆகிவிட்டது. காத்திருக்கலாமா? — திருச்சி

வேண்டாம். ஆறு மாதத்துக்குள் இறங்காதது இனி இறங்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளேயே தங்கிவிட்ட விரையில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றதைவிடப் பத்து மடங்குக்கு மேல். ஸ்கேன் எடுத்து எங்கே இருக்கிறது என்று பார்த்து, இரண்டையும் சேர்த்தே எடுத்துவிட வேண்டும். இது பரம்பரையாக வருவது, அதனால் இந்த நாயை இனப்பெருக்கத்துக்கு விடவே கூடாது. “ஒரு விரை நன்றாகத்தானே இருக்கிறது, குட்டி போடுமே” என்றும் எழுதியிருக்கிறீர்கள். போடும், அந்தக் குட்டிகளிலும் இதே குறை வரலாம்.

ராஜபாளையம், இரண்டரை வயது. வீட்டுக்கு வருகிறவர்கள் மேல் பாய்கிறது, இருவரைக் கடித்தும்விட்டது. பகல் முழுக்கக் கேட்டருகே கட்டித்தான் வைத்திருக்கிறோம். ஆபரேஷன் செய்தால் சாந்தமாகிவிடுமா? — விருதுநகர்

ஆகாது. எத்தனை தடவை எழுதினாலும் இதே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது, அதனால் இந்த முறை விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

விரையை எடுத்தால் குறைவது ஹார்மோனால் வரும் பழக்கங்கள் மட்டும்தான். பெண் நாயின் வாசனை பிடித்துக்கொண்டு ஊர் சுற்றப் போவது பத்தில் ஒன்பது நாய்களில் குறையும். வீட்டுக்குள் காலைத் தூக்குவது, மேலே ஏறுவது, மற்ற ஆண் நாய்களோடு சண்டை போடுவது, இதெல்லாம் பாதிக்குக் கொஞ்சம் மேற்பட்டவற்றில் குறையும். மனிதர் மேல் பாய்வது வேறு. அது பெரும்பாலும் பயத்தில் வரும், இல்லையென்றால் இது என் இடம் என்ற காவல் குணத்தில் வரும். ராஜபாளையத்தை வேட்டைக்கும் காவலுக்குமென்றே தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்து வளர்த்திருக்கிறோம், அந்தக் குணம் விரையை எடுப்பதால் போய்விடாது. பயந்த நாய்களில் சில, ஆபரேஷனுக்குப் பிறகு இன்னும் பயந்து இன்னும் சீக்கிரம் கடிக்க ஆரம்பிப்பதும் உண்டு.

காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஓடுவதற்கென்றே பிறந்த நாயைப் பகல் முழுக்கக் கேட்டருகே கட்டி வைத்திருக்கிறீர்கள். போகிற வருகிற எல்லோரும் அதன் கண்ணில் படுகிறார்கள், ஆனால் கிட்டே போய் மோப்பம் பிடிக்கவும் முடியாது, பிடிக்காத ஆளிடமிருந்து விலகிப் போகவும் முடியாது. குரைப்பதையும் பாய்வதையும் தவிர அது வேறு என்ன செய்யும்? இப்படி வளர்த்துவிட்டு நாய்க்குக் கோபம் அதிகம் என்று என்னிடம் கொண்டுவருகிறார்கள், நானும் ஒரு கத்தியால் சரிசெய்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

கேட்டருகே கட்டுவதை நிறுத்துங்கள். வீட்டின் பின்பக்கம் அடைப்பு போட்டு அவிழ்த்து விடுங்கள். காலையும் மாலையும் அரை மணி நேரமாவது நடக்கக் கூட்டிப் போங்கள். ஆள் வரும்போது வாய்க்கு மூடி போட்டுப் பழக்குங்கள், அடிக்காத ட்ரெய்னராகப் பார்த்து இரண்டு மூன்று மாதம் விடுங்கள். இன்னொன்று, வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு. பின்னாலிருந்து யாராவது தொட்டால்தான் கடிக்கிறது என்றால் காது கேட்கிறதா என்று பாருங்கள். கடிபட்ட இருவரும் ஊசி போட்டுக்கொண்டார்களா என்று நீங்கள் எழுதவில்லை. நாய்க்கு ரேபிஸ் தடுப்பூசி எப்போது போட்டீர்கள் என்றும் எழுதவில்லை. அதை முதலில் பாருங்கள், ஆபரேஷன் பேச்சு அப்புறம்.

ஒரு தடவை மேட்டிங் விட்டுவிட்டு ஆபரேஷன் செய்தால் நாய்க்கு ஏக்கம் இருக்காதாமே? — மதுரை

அப்படி ஒன்றும் இல்லை. நாய்க்கு அந்த மாதிரி ஏக்கம் கிடையாது. பழகிய நாய் இன்னும் அதிகமாகத் தேடும், அவ்வளவுதான்.

நாட்டு நாய், ஒன்றரை வயது, பதினெட்டு கிலோ. புரட்டாசியில் வெளியே போக ஆரம்பித்தால் மார்கழி வரை வீட்டில் தங்குவதில்லை, உடம்பெல்லாம் காயத்தோடு வருகிறது. — தஞ்சாவூர்

ஆபரேஷன் பிரயோஜனப்படும் நாய் இதுதான். வயதும் சரி, காரணமும் சரி. காயத்தைவிட எனக்குக் கவலை டி.வி.டி. (TVT) என்கிற புற்றுக்கட்டி. அது இணை சேரும்போது ஒரு நாயிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும், தெருநாய்களிடம் சாதாரணம். குறியிலிருந்து ரத்தம் சொட்டினால் மூத்திரத்தில் ரத்தம் என்று நினைத்துச் சும்மா இருந்துவிடாதீர்கள், உடனே காட்டுங்கள். வாரம் ஒரு ஊசியாக ஐந்தாறு வாரத்தில் பெரும்பாலும் குணமாகிவிடும். ஆபரேஷன் முடிந்த ஒரு மாதம் வரை வெளியே விடாதீர்கள், மிச்சம் இருக்கிற விந்தணுவால் அதற்குள்ளும் சினை பிடிக்கலாம். ஊர் சுற்றுகிற நாய்க்கு உண்ணி இல்லாமல் இருக்காது, ப்ளேட்லெட் பார்க்காமல் ஆபரேஷன் வேண்டாம்.

ஆபரேஷன் செய்தால் குண்டாகிவிடுமா? காவல் காக்காதா? — சேலம், இனம் வயது எதுவும் இல்லை

தீனிதான் குண்டாக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு தேவை கால்வாசி குறைகிறது, சாப்பாட்டை நீங்கள் குறைப்பதில்லை. தட்டில் கால் பங்கைக் குறையுங்கள். காவல் குணம் எங்கேயும் போகாது, மேலே விருதுநகர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஒன்பது வயது லாப்ரடார். மலம் கழிக்க முக்குகிறது, ரிப்பன் மாதிரி தட்டையாகப் போகிறது, சில சமயம் சொட்டுச் சொட்டாக ரத்தம். வயதான நாய்க்கு இனி ஆபரேஷன் எதற்கு? — நாகர்கோவில்

இதற்குத்தான். பிராஸ்டேட் வீங்கி மலக்குடலை அழுத்துகிறது போலிருக்கிறது, விரை எடுக்காத வயதான நாய்களில் இது மிகச் சாதாரணம். ஸ்கேன் எடுத்து உறுதி செய்யுங்கள். வெறும் வீக்கமென்றால் விரையை எடுத்த சில வாரங்களில் நன்றாகவே சுருங்கும். பிராஸ்டேட் புற்றுநோயாக இருந்தால் ஆபரேஷன் உதவாது, அதனால் ஸ்கேனைத் தவிர்க்காதீர்கள். இந்த வயதில் ரத்தப் பரிசோதனையோடு கிட்னி, லிவர், இதயம் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் மயக்கமருந்து.

நாளை மறுநாள் ஆபரேஷன். முந்தின ராத்திரி பட்டினி போடச் சொன்னார்கள். பாவமாக இருக்கிறது, பாலாவது கொடுக்கலாமா? — சென்னை

கூடாது. பாலும் சாப்பாடுதான். வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போய்விடும், அதில் உயிரே போகலாம். தண்ணீர் விடிகாலை வரை இருக்கட்டும். மனசு கேட்காமல் வீட்டில் யாராவது ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், தேதியைத் தள்ளி வைத்துக்கொள்வார்.