சூரியன் நகர, ஒளி நகராதது எப்படி?

கேள்வி: மின்விளக்கு பரவுவதற்கு முன், புகைப்படத்தைப் பெரிதாக்கவும், தொலைவுக்குச் சைகை அனுப்பவும், சூரியனை ஆராயவும் வெயிலைக் கண்ணாடியால் திருப்பிப் பயன்படுத்தினார்கள் என்று படித்தேன். சூரியன் ஓயாமல் நகரும்போது, ஒளி மட்டும் எப்படி ஒரே இடத்தில் விழுந்தது?

பதில்: அப்படி விழவைப்பதற்குத்தான் பெரும்பாடு பட்டார்கள். வானில் சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. அதன் தோற்ற விட்டமோ அரைப் பாகைதான். ஆகவே, அசையாத கண்ணாடியிலிருந்து கிளம்பும் ஒளிக்கற்றை ஏறத்தாழ இரண்டே நிமிடத்தில் இலக்கை விட்டு விலகிவிடும்.

நில அளவைக்காக 1821-இல் ஜெர்மன் கணிதவியலாளர் காஸ் உருவாக்கிய, வெயிலைத் தொலைவுக்குத் திருப்பும் ஹீலியோட்ரோப்பிலும், சைகை அனுப்ப 1869-இல் ஹென்றி மான்ஸ் உருவாக்கிய ஹீலியோகிராஃபிலும் இந்த விலகலைக் கருவியை இயக்குபவரே அவ்வப்போது கையால் சரிசெய்தார். மான்ஸின் கருவியில் விசையை அழுத்தினால் கண்ணாடி சற்றே சாயும். அந்த அசைவால் ஒளி தோன்றியும் மறைந்தும் மோர்ஸ் எழுத்துகளாகும். சூரியன் புள்ளியாக இல்லாமல் வட்டாகத் தெரிவதால், திருப்பிய ஒளி ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 9 மீட்டர் விரிந்து, 50 கிலோமீட்டர் தொலைவில் 450 மீட்டர் அகலத்துக்குப் பரவும். இந்த விரிவை ஒளி விரயம் என்று சிலர் கருதலாம். குறி சிறிது பிசகினாலும் செய்தி போய்ச் சேர்ந்தது இதனால்தான் என்பதால், இதையே அக்கருவியின் உயிர்நாடி என்பேன். 1894-இல் அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் பிரிவினர் இரு மலைச் சிகரங்களுக்கிடையே 183 மைல் தொலைவுக்கு இப்படிச் செய்தி அனுப்பினார்கள்.

புகைப்படத்தைப் பெரிதாக்குவதற்குக் கைத்திருத்தம் போதவில்லை. 1857-இல் டேவிட் வுட்வர்ட் காப்புரிமை பெற்ற சூரியக் கேமராவில், வெயிலால் பெரிதாக்கிய பிம்பம் விழும் புகைப்படத் தாள் கறுக்க நெடுநேரம் பிடித்ததால், சூரியனைப் பின்தொடர்ந்தே ஆக வேண்டியிருந்தது. கடிகாரப் பொறியால் கண்ணாடியைத் தானே திருப்பும் ஹீலியோஸ்டாட் இத்தகைய வேலைக்கு உரியது.

கேள்வி: சூரியனையே படமெடுப்பதற்கும் இது தேவைப்பட்டதா?

பதில்: சூரிய வட்டை மட்டும் படமெடுக்கத் தேவையில்லை. 1845 ஏப்ரல் 2 அன்று பிரெஞ்சு இயற்பியலாளர்கள் ஃபிசோவும் ஃபூக்கோவும் விநாடியில் அறுபதில் ஒரு பங்கு நேரத்தில், கரும்புள்ளிகள் தெரியும்படி சூரியனைப் படமெடுத்தார்கள். அந்நேரத்தில் சூரியன் தன் விட்டத்தில் ஏழாயிரத்தில் ஒரு பங்குகூட நகர்ந்திருக்காது. ஆனால், நுண்பிளவு வழியே ஒளியைச் செலுத்தி நிறமாலையாகப் பிரித்தால், ஒவ்வொரு நிறத்துக்கும் கிடைப்பது சொற்பமே. அதைப் பதிய நேரம் தேவை. அங்கேதான் பிரெஞ்சு இயற்பியலாளர் லிப்மான் 1895-இல் விளக்கிய சீலோஸ்டாட் என்னும் கண்ணாடிக் கருவி கைகொடுக்கிறது. அதன் கண்ணாடி, பூமியின் அச்சுக்கு இணையான அச்சில் 48 மணி நேரத்துக்கு ஒரு சுற்று, அதாவது பூமியின் வேகத்தில் பாதியாகச் சுழல்கிறது. கண்ணாடி ஒரு பாகை திரும்பினால் பிரதிபலித்த ஒளி இரண்டு பாகை திரும்புமாதலால், அந்தப் பாதி வேகமே ஒளியையும் பிம்பத்தையும் அசையாமல் நிறுத்திவைக்கிறது.