பாட்காஸ்ட் விருதுக்கு விண்ணப்பிக்கிறீர்களா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் எபிசோட் 40 நிமிடம். விருதுக்கு 5 நிமிடக் கிளிப்தான் கேட்கிறார்கள். எந்தப் பகுதியை வெட்டி எடுப்பது?

பதில்: டிரெய்லரை அனுப்பாதீர்கள். அது ஆவலைத் தூண்டுவதற்காகச் செய்யப்பட்டது. நடுவர் பார்க்க விரும்புவது உங்கள் வேலையை. தொடக்க இசை, வரவேற்பு, விளம்பரம், ‘சப்ஸ்கிரைப் செய்யுங்கள்’ எல்லாவற்றையும் முதலில் நீக்குங்கள்.

விருந்தினர் கண்கலங்கும் இடத்தைத்தான் பலரும் தேர்ந்தெடுக்கிறார்கள். நிகழ்ச்சியை முதன்முறை கேட்கும் நடுவருக்கு அவர் யார், எதை இழந்தார் என்றே தெரியாது. அதனால் அந்தக் கண்ணீர் நடுவரைத் தொடுவதில்லை. ஒரு கேள்வி, எதிர்பாராத பதில், அதைப் பற்றிக்கொண்டு தொகுப்பாளர் கேட்கும் அடுத்த கேள்வி என மூன்றும் அடுத்தடுத்து வரும் இடமே வலுவானது. தொகுப்பாளரின் திறமை அங்கேதான் தெரியும். அதற்கு முன்னால், பேசுபவர் யார் என்று புரியவைக்கும் 20, 30 விநாடியையும் சேருங்கள்.

வெட்டி ஒட்டலாமா என்பதை விதிமுறையில் பாருங்கள். தொடர்ச்சியான பகுதிதான் வேண்டும் என்று சில விருதுகள் நிபந்தனை வைக்கும். அனுமதி உண்டென்றாலும் மூன்று துண்டுக்கு மேல் போனால் டிரெய்லர் போலாகிவிடும். நிகழ்ச்சியைக் கேட்டிராத ஒருவருக்குக் கிளிப்பைப் போட்டுக்காட்டி, ‘யார் பேசினார், எதைப் பற்றி?’ என்று கேளுங்கள். அவர் திணறினால், எபிசோடில் இன்னும் சற்று முந்தைய இடத்திலிருந்து கிளிப்பைத் தொடங்குங்கள்.

கேள்வி: கிளிப்பில் மட்டும் குரல் சன்னமாக, கரகரப்பாக இருக்கிறதே?

பதில்: இரண்டு காரணங்கள் இருக்கலாம். எபிசோட் முழுவதற்கும் சராசரியாக ஒலியளவு வைத்திருப்பீர்கள். நீங்கள் வெட்டியது அதில் அமைதியான பகுதியாக இருக்கும். கிளிப்பைத் தனியாக அளந்து, ஸ்டீரியோ (இரு தட ஒலி) என்றால் மைனஸ் 16 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சராசரி ஒலியளவின் அலகு), மோனோ (ஒரு தட ஒலி) என்றால் மைனஸ் 19, உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். விருதுக்குழு வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே கணக்கு. கரகரப்புக்குக் காரணம், வெளியிட்ட எம்பி3-யையே வெட்டி மறுபடி எம்பி3 ஆக்குவது. ஒவ்வொரு சுருக்கத்திலும் ஒலியின் நுணுக்கம் கொஞ்சம் போய்விடும். எடிட்டிங் மென்பொருளில் உள்ள மூலக் கோப்பிலிருந்தே கிளிப்பை எடுங்கள்.

கேள்வி: விண்ணப்பத்தில் 200 சொல்லில் நிகழ்ச்சியைப் பற்றி எழுதச் சொல்கிறார்கள். என்ன எழுதுவது?

பதில்: ‘மனதைத் தொடும்’, ‘வித்தியாசமான’ போன்ற சொற்கள் எல்லா விண்ணப்பங்களிலும் இருக்கும். காதால் கேட்டு அறிய முடியாததை எழுதுங்கள்: எத்தனை பேரைச் சந்தித்தீர்கள், எந்த ஆவணத்தைத் தேடி எடுத்தீர்கள், ஒலிப்பதிவு எங்கே நடந்தது, வெளியான பின் என்ன மாறியது. நடுவர் அறியாத மொழி என்றால், நேரக்குறிப்புடன் மொழிபெயர்ப்பைச் சேருங்கள். பதிவிறக்க எண்ணிக்கையைப் படிவம் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

கேள்வி: தரம் நன்றாக இருந்தும் நிராகரிக்கப்படுவது ஏன்?

பதில்: பெரும்பாலும் சிறு கவனக்குறைவுதான். தகுதிக் காலத்துக்கு வெளியே வெளியான எபிசோட், பொருந்தாத பிரிவு, வேறொரு நேர மண்டலத்தில் முடிந்துபோன கெடு. நேர்காணலை ஆவண நிகழ்ச்சி (டாகுமெண்டரி) பிரிவில் போட்டால், களப்பதிவுகள் நிறைந்த படைப்புகளோடு அது மோத வேண்டியிருக்கும். பின்னணி இசையின் உரிமத்தையும் பாருங்கள். வென்றால் கிளிப் மேடையில் ஒலிக்கலாம். இணைப்பு அனுப்பினால், உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி வேறொரு கருவியில் திறந்து பாருங்கள். மதிப்பீடு முடியும்வரை அந்தக் கோப்பை நகர்த்தவும் வேண்டாம், பெயர் மாற்றவும் வேண்டாம்.