கனடியக் குடியுரிமை: ‘இது நான்தான்’ என்று காட்டுவதில் வரும் சிக்கல்கள்

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. கார் ஓட்ட மாட்டார். படத்தோடு இருப்பது ஹெல்த் கார்ட் மட்டும்தான். குடியுரிமை விண்ணப்பத்துக்கு இரண்டு அடையாள அட்டை கேட்கிறார்களே? (ஸ்காபரோ வாசகி)

இரண்டில் ஒன்றில் படம் இருந்தால் போதும். ஹெல்த் கார்டை ஒன்றாகக் கொடுங்கள். மற்றதற்கு மாகாண அரசின் சேவை நிலையமான சேர்விஸ் ஒன்ராறியோவில் ‘போட்டோ கார்ட்’ எடுத்துவிடுங்கள். 35 டொலர்தான், லைசென்ஸ் இல்லாதவர்களுக்கென்றே கொடுக்கும் அட்டை. இரண்டு பக்கத்தையும் பிரதி எடுங்கள். வங்கி அட்டையும் கிரெடிட் கார்டும் எடுபடாது. அப்புறம், மொழிச் சான்றும் தேர்வும் 18 முதல் 54 வயது வரைதான். அம்மா அந்தக் கவலையை விடலாம்.

கேள்வி: அகதியாக வந்து பிஆர் (நிரந்தர வதிவாளர்) ஆனவன். இலங்கைக் கடவுச்சீட்டு எப்போதோ காலாவதி. விண்ணப்பிக்குமுன் அதைப் புதுப்பித்துக்கொள்ளட்டுமா?

தயவுசெய்து வேண்டாம். விண்ணப்பம் ‘பலமாக’ இருக்கட்டும் என்று தூதரகப் பக்கம் போய் வம்பை விலைக்கு வாங்கியவர்கள் உண்டு. எந்த நாட்டுக்குப் பயந்து வந்தீர்களோ அந்த நாட்டின் கடவுச்சீட்டை நீங்களாகப் போய் எடுத்தால், அதன் பாதுகாப்பை மறுபடி நாடிவிட்டீர்கள் என்று குடிவரவுத் துறை வாதிடலாம். அந்த வாதம் வென்றால் அகதிப் பாதுகாப்பு போய்விடும். 2012 டிசம்பரில் வந்த சட்டமாற்றத்துக்குப் பிறகு, கூடவே பிஆரும் போய்விடும்.

குடியுரிமைக்கு இலங்கைக் கடவுச்சீட்டு கட்டாயமில்லை. கடந்த ஐந்து ஆண்டுகளில் உங்களிடம் இருந்த பயண ஆவணங்களின் விவரப் பக்கத்தைத்தான் கேட்கிறார்கள். அகதிகளுக்குக் கனடா தரும் பயண ஆவணம் இருந்தால் அதை வையுங்கள். எதுவுமே இல்லாத காலத்துக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதுங்கள். ஏற்கெனவே புதுப்பித்தவர்கள் விண்ணப்பத்தில் கை வைக்குமுன் ஒரு குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். கோப்பைப் பார்க்கும் அதிகாரியின் கண்ணில் அந்தக் கடவுச்சீட்டு படாமல் போகாது.

கேள்வி: பிஆர் கார்டில் ‘கந்தையா’ குடும்பப் பெயர், ‘ரவி’ என் பெயர். லைசென்ஸில் தலைகீழ். பிறப்புச் சான்றிதழில் ‘ரவீந்திரன்’ மட்டும். எதை எழுதுவது?

நம் ஆட்களில் பாதிப் பேருக்கு உள்ள தலைவலி இது. அப்பா பெயரைக் குடும்பப் பெயர் பெட்டியில் போட்ட நாளிலிருந்து தொடங்குகிறது. உங்களை இரண்டாம் ஆளாக நினைத்துவிடுவார்களோ என்று ஒரு பெயரை மறைப்பதுதான் மோசம். குடிவரவுப் பதிவில் இருப்பதே அடிப்படை. பிஆர் கார்டில் உள்ளபடியே எழுதுங்கள். வேறு பெயர்களைக் கேட்கும் இடத்தில் மற்ற வடிவங்களை எல்லாம் போடுங்கள். லைசென்ஸைத் திருத்திவிட்டு அதன் பிரதியை வைப்பது நல்லது. பெரியவர்கள் பிறப்புச் சான்றிதழ் வைக்க வேண்டியதில்லை என்பதால் ‘ரவீந்திரன்’ பெரிய தொல்லை தராது.

‘ரவீந்திரன்’ என்றே குடியுரிமை வேண்டுமென்றால், முதலில் ஒன்ராறியோவில் சட்டப்படி பெயரை மாற்றுங்கள். அதற்கு இங்கே குறைந்தது 12 மாதம் வசித்திருக்க வேண்டும். சான்றிதழ் கைக்கு வந்த பிறகு விண்ணப்பியுங்கள். கனடியக் கடவுச்சீட்டும் குடியுரிமைச் சான்றிதழில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் வரும்.

கேள்வி: முத்திரைகள் இருந்த பழைய கடவுச்சீட்டு தொலைந்துவிட்டது. கடந்த ஐந்து ஆண்டுகளில் கனடாவில் இருந்திருக்க வேண்டிய 1,095 நாளை எப்படிக் காட்டுவது?

தொலைந்ததை எழுதிக் கொடுங்கள். பொலிஸ் முறைப்பாடு இருந்தால் இணையுங்கள். எல்லைச் சேவையிடம் உங்கள் பயணப் பதிவு இருக்கிறது, அதைத் துறை பார்ப்பதற்கு விண்ணப்பத்திலேயே சம்மதம் கொடுக்கிறீர்கள். ஆகவே நாட்களை ஊகித்து எழுத வேண்டாம். டிக்கெட் மின்னஞ்சல்களைத் தேடுங்கள். 1,095ஐத் தொட்டவுடன் ஓடாமல், சில வாரம் கூடுதலாக வைத்துக்கொண்டு போடுங்கள்.

கேள்வி: மகனின் பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கிறது. என் அக்கா மொழிபெயர்ப்பாளர். அவரே செய்யலாமா?

முடியாது. குடும்பத்தார் எவ்வளவு தகுதி உள்ளவராக இருந்தாலும் ஏற்கமாட்டார்கள். அக்காவின் சக ஊழியரிடம் கேட்கலாமே! அவரும் கனடாவில் சான்றளிக்கப்பட்டவர் இல்லையென்றால், மொழிபெயர்ப்போடு சத்தியக் கடதாசியும் மூலத்தின் பிரதியும் போக வேண்டும்.