தேரி மண்ணுக்குக் கோடை உழவு வேண்டாம்

கேள்வி: சாத்தான்குளம் பக்கம் மூன்று ஏக்கர் தேரி நிலம், அதாவது செம்மணல் காடு. கோடை மழைக்குப் பின் இரண்டு சால் உழுது வைகாசியில் முருங்கை நட்டேன். ஆனிக் காற்றில் மணல் பறந்து, கன்றுகளின் தண்டு தோலுரிந்துவிட்டது. பல கன்றுகளை மணல் மூடிவிட்டது. மேற்கு எல்லையில் மதில் கட்டலாமா?

பதில்: மதிலுக்குக் காசைக் கொட்டாதீர்கள், அண்ணாச்சி. சுவரில் மோதும் காற்று மேலேறி, மறுபக்கம் சுழன்று விழுந்து அங்கேயே மண்ணைக் கிளறும். ஏறக்குறைய பாதிக் காற்றை உள்ளே விடும் வேலியே நல்லது.

வேலிக்கு முன் உழவைப் பேச வேண்டும். 'கோடை உழவு கோடி நன்மை' என்பது கட்டி புரளும் மண்ணுக்குச் சொன்னது. கரிசலில் அந்தக் கட்டிகளே காற்றைத் தடுக்கும். தேரியில் கட்டி ஏது? மழை விட்டுப்போன மெல்லிய மேலோட்டையும் புல்வேரையும் உழவு கலைத்துவிடும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வைகாசி முதல் ஆவணி வரை வீசும் காற்றுக்கு முன்னால் மண்ணை அவிழ்த்துவிட்டது நீங்கள்தான். தேரியே நாங்குநேரிப் பக்கத்துச் செம்மண்ணைக் காற்று அள்ளிவந்து குவித்தது என்பது புவியியலாளர் கருத்து.

தண்டை அறுப்பது துள்ளிப் போகும் மணல். அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த அந்தப் பருக்கைகளில் பெரும்பகுதி தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குள்ளேயே பறக்கும். ஆகவே மூன்றடிப் பனையோலை வேலி போதும்; ஓலைக்கு ஓலை இடைவெளி விட்டுத் தெற்கு வடக்காக முப்பதடிக்கு ஒன்று கட்டுங்கள். வேலி தன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம் காக்கும். காற்றின் வேகம் பாதியானால், அது சுமக்கும் மண் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிவிடும்.

எல்லையில் பனை இருக்கிறதே என்பீர்கள். பனைக்குக் கீழே வெறும் தூர்தானே. காற்று அதன் இடையில் இன்னும் வேகமாகப் பாயும். புரட்டாசி மழையில் பனையடியிலும் முருங்கை வரிசைகளுக்கு நடுவிலும் கொளுஞ்சி என்னும் பசுந்தாள் உரச்செடியை விதையுங்கள். ஆடு மேயாது. அதை மடக்கி உழாமல் அடுத்த ஆவணி வரை அப்படியே விடுங்கள்.

இப்போது உயிரோடு இருக்கும் கன்றுகளைப் பிடுங்க வேண்டாம். காயத்துக்குக் கீழே வெட்டிவிட்டால் துளிர்க்கும். செத்த இடங்களை ஐப்பசியில் நிரப்புங்கள். குழிக்கு இரண்டு கூடை குளத்து வண்டல் போடுங்கள், அனுமதி வாங்கி எடுத்ததாக இருக்கட்டும். அடுத்த ஆனிக்குள் வேர் இறங்கியிருக்கும்.