விடுதியில் தங்கிப் படிக்கும் மகளின் வாக்கு எங்கே இருக்க வேண்டும்?

அன்புள்ள அம்மா,

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும் மகளை, விடுதி இருக்கும் இடத்திலேயே வாக்காளராகப் பதிந்துவிட்டால் தேர்தலுக்குத் தேர்தல் ஹட்டன் வரை அலைய வேண்டியதில்லையே என்று கேட்டிருந்தீர்கள். பெயர் உங்கள் தேயிலைத் தோட்டத்து முகவரியிலேயே இருக்கட்டும் என்பதே என் பதில்.

அலைச்சலைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. நம் நாட்டில் அஞ்சல் வாக்கு அரச ஊழியர், பொலிஸார், படையினர் போன்றோருக்கு உண்டே தவிர, மாணவர்களுக்கு இல்லை. 2024இல் செப்டம்பர் 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலும் நவம்பர் 14ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தலும் வந்தபோது, தூரத்தில் படித்த பிள்ளைகள் இரண்டு மாதங்களுக்குள் இரண்டு முறை பஸ் ஏற வேண்டியிருந்தது. அமெரிக்காவில் மாணவர்கள் படிக்கும் ஊரிலேயே வாக்களிக்கலாம். அந்த உரிமையை அங்குள்ள உச்ச நீதிமன்றம் 1979இல் உறுதிப்படுத்தியது. வாழும் ஊரின் நிர்வாகத்தில் மாணவருக்கும் பங்குண்டு என்ற அந்த வாதத்தை நான் மதிக்கிறேன். உங்கள் மகளும் நாளை யாழ்ப்பாணத்திலேயே வேலை கிடைத்துக் குடியேறினால், அப்போது பதிவை மாற்றிக்கொள்ளட்டும். விடுதி அறையோ படிப்பு முடிந்ததும் கைமாறிவிடும்.

வேலைவாய்ப்பு ஆலோசகராக எனக்கு இதில் வேறொரு அக்கறையும் உண்டு. மாகாண ஆசிரியர் நியமனம், கிராம உத்தியோகத்தர் ஆட்சேர்ப்பு போன்றவற்றில் விண்ணப்பதாரியின் நிரந்தர வதிவிடத்தைப் பார்க்கிறார்கள். அதற்குச் சான்றாக வாக்காளர் இடாப்பின் பிரதியைக் கேட்பது வழக்கம். என்னிடம் வந்த ஒரு பட்டதாரி இளைஞர், தம் பெயர் இரண்டு வருட இடாப்புகளில் விடுபட்டிருந்ததை விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முந்திய வாரத்தில்தான் அறிந்தார். வாக்காளர் கணக்கெடுப்புக்கு வீட்டுக்கு வந்தவரிடம் அவருடைய தாயார், "மகன் இங்கே இல்லை, கொழும்பில் படிக்கிறான்" என்று உண்மையைத்தான் சொல்லியிருந்தார். பெயர் விடுபட அந்தப் பதிலே காரணமாகிவிட்டது. ஆகவே கிராம உத்தியோகத்தர் அந்தக் கணக்கெடுப்புப் படிவத்துடன் உங்கள் லயத்து வீட்டுக்கு வரும்போது, மகள் படிப்புக்காகவே தற்காலிகமாக வெளியில் தங்கியிருக்கிறாள், வீடு இதுதான் என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஒருவர் இரண்டு இடங்களில் பதிவாக முடியாது என்பதால், விடுதியிலும் பெயரைக் கொடுக்க வேண்டாம் என்று அவளிடமும் சொல்லிவையுங்கள்.

நம் மலையகத் தோட்ட மக்களுக்கு இந்தப் பதிவு இலகுவில் கிடைத்ததல்ல. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும் அதை அடுத்து 1949இல் வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் நம் பாட்டன் பாட்டிமாரின் வாக்கைப் பறித்தன. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் வேலை செய்வதற்கு இருந்த சட்டத் தடையும் 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் நீங்கியது. லயத்துக்குப் போகும் பாதையையும் குடிநீர்க் குழாயையும் பற்றிப் பிரதேச சபையில் பேசப்போகிறவரைத் தெரிவுசெய்யும் வேளையில், படித்த உங்கள் மகளின் வாக்கு அந்த வட்டாரத்தில் இருப்பது அவசியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தோட்ட முகவரிக்கு வரும் கடிதங்கள் பிந்துவதும் தவறுவதும் உங்களுக்குத் தெரியும். வாக்காளர் அட்டை வரவில்லை என்பதற்காக அவள் பயணத்தை நிறுத்த வேண்டாம்; இடாப்பில் பெயர் இருந்து, தேசிய அடையாள அட்டையும் கையில் இருந்தால் வாக்களிக்கலாம். அவளுடைய அடையாள அட்டை இலக்கத்தை ஒரு தாளில் எழுதி, குடும்பக் காகிதங்களோடு இப்போதே வைத்துவிடுங்கள். கணக்கெடுப்புக்கு ஆள் வரும் நேரத்தில் நீங்கள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாலும், வீட்டில் இருப்பவர் அதை எடுத்துக் கொடுக்க முடியும்.