நினைத்தாலே மூச்சிரைக்கிறதா?

கேள்வி: காலை நடை என்று நினைத்தாலே மூச்சிரைப்புதான் மனதில் வருகிறது. இளைத்த உடம்பைக் கற்பனை செய்தும் பலனில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, கன்னங்குறிச்சி, சேலம்

பதில்: இளைத்த உடம்பைப் பார்ப்பதில்தான் சிக்கலே. கிடைத்துவிட்டது போன்ற நிறைவு அப்போதே வந்து, முயற்சி தளர்கிறது என்று உளவியலாளர் கேப்ரியேல் ஓட்டிங்கனின் ஆய்வுகள் காட்டுகின்றன. மூச்சிரைப்பு முந்திக்கொள்வதற்கும் காரணம் உண்டு: மனம் சிரமமான தொடக்கத்திலேயே நின்றுவிடுகிறது, நடுவில் உடம்பு சூடேறி இலகுவாவதைக் கணக்கில் எடுப்பதில்லை.

படுக்குமுன் 2 நிமிடம் கண்ணை மூடுங்கள். செருப்பு மாட்டுவது, கதவைத் திறப்பது, மூக்கனேரிக் கரைக் காற்று முகத்தில் படுவது, 10 நிமிடத்தில் கைகால் இளகுவது என வரிசையாக, உங்கள் கண் வழியாகவே பாருங்கள். வெளியிலிருந்து உங்களையே படம் பார்ப்பதுபோல் வேண்டாம். பிறகு தடையையும் பாருங்கள்: "தூறினால் கூடத்திலேயே 15 நிமிடம் நடப்பேன்." இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வெறும் பகற்கனவு.

பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகம் போதும். கடைசி 5 நிமிடம் வேகத்தைக் குறையுங்கள்; முடிவு இதமாக இருந்தால் மறுநாள் அதுவே நினைவில் நிற்கும். ஏற்காட்டு ஏற்றத்தை முதல் மாதம் தொடாதீர்கள். நடக்கும்போது நெஞ்சு இறுக்கினால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.