பாயின்ட்டைக் கப்பலில் கொட்டாதீர்கள்

மதுரை கீழமாசி வீதியில் மளிகைக் கடை வைத்திருக்கும் வாசகர் கேட்கிறார்: 'அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில் முடிந்தது. அடுத்து இருவரையும் மும்பையிலிருந்து கோவா, லட்சத்தீவு போகும் சொகுசுக் கப்பலில் அனுப்ப ஆசை. கிரெடிட் கார்டில் 80,000 ரிவார்டு பாயின்ட் சேர்ந்திருக்கிறது. பணமாக மாற்றினால் பாயின்ட்டுக்கு 20 காசு, விமானம், ஹோட்டலுக்கு என்றால் 50 காசு என்று வங்கி சொல்கிறது. கப்பல் டிக்கெட்டை இதில் எடுக்கலாமா? அம்மாவுக்கு பஸ்ஸில் போனாலே தலை சுற்றும்.'

கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. அந்த 20 காசும் 50 காசும்தான் விஷயம்.

நம் ஊர் வங்கிகளின் பாயின்ட் தளங்களில் பெரும்பாலும் விமானம், ஹோட்டல், பரிசுக் கூப்பன் இவைதான் கிடைக்கும். கப்பல் கம்பெனிகள் பொதுவாக உங்கள் வங்கி பாயின்ட்டை நேரடியாக வாங்கிக்கொள்வதில்லை. ஆக, கப்பலுக்கு என்றால் பாயின்ட்டைப் பணமாக்கி பில்லில் கழிக்க வேண்டும். அங்கேதான் மதிப்பு அடிமாட்டு விலைக்குப் போகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். கப்பலுக்கு இருவருக்கும் 70,000 ரூபாய், மும்பை போய்வர விமானமும் ஒரு ராத்திரி ஹோட்டலும் 40,000 என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 1,10,000. பாயின்ட்டைப் பணமாக்கினால் 16,000 கழியும், கையிலிருந்து 94,000 போகும். அதே பாயின்ட்டை விமானத்துக்கும் ஹோட்டலுக்கும் கொடுத்தால் 40,000 முழுதாகக் கழிந்து, கப்பல் காசு 70,000 மட்டும் நிற்கும். அதே பாயின்ட்தான், 24,000 ரூபாய் வித்தியாசம்.

சில கார்டுகளில் டிக்கெட் தொகையில் 70 சதவீதம் வரைதான் பாயின்ட்டில் கட்டலாம், மீதி காசாகக் கட்டணும். அப்படி இருந்தாலும் 28,000 கழியும், 24,000 பாயின்ட் மிச்சமும் இருக்கும். ஆனால் ஒன்று: வங்கித் தளத்தில் காட்டும் விமானக் கட்டணத்தை விமானக் கம்பெனியின் தளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே 8,000, இங்கே 9,000 என்றால் உங்கள் 50 காசு அப்போதே தேய்ந்துவிட்டது. பாயின்ட் எடுக்கும்போது தனியாக ஒரு கட்டணம், அதற்கு மேல் ஜிஎஸ்டி என்று போடும் வங்கிகளும் உண்டு.

கப்பல் டிக்கெட்டை அதே கார்டில் தேய்க்கலாம், புதிதாகக் கொஞ்சம் பாயின்ட் சேரும். பில்லை முழுதாகக் கட்ட முடியும் என்றால் மட்டும். கட்டாமல் விட்டு, மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் 70,000-க்கு ஒரு மாதத்திலேயே 2,450 ரூபாய். அப்புறம், கடைச் சரக்கைச் சொந்தக் கார்டில் வாங்கித்தான் இவ்வளவு சேர்ந்தது என்றால் விதிமுறையை ஒருமுறை படித்துவிடுங்கள். வியாபாரச் செலவுக்குப் பாயின்ட் கிடையாது என்று சொல்லித் திருப்பி எடுக்கும் வங்கிகள் இருக்கின்றன. காலாவதித் தேதியையும் பாருங்கள். இரண்டு, மூன்று வருடத்தில் செத்துப்போகும் பாயின்ட்கள்தான் அதிகம்.

பின்னால் சிங்கப்பூர்க் கப்பல் என்று மனசு மாறினால் கட்டணம் டாலரில் விழலாம். பல கார்டுகளில் அதற்கு 3.5 சதவீதம் வெளிநாட்டுப் பணக் கட்டணமும், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். லட்ச ரூபாய்க்கு 4,130 ரூபாய் கூடுதல். ரூபாயில் விற்கும் ஏஜென்ட் இருந்தால் அவர் விலையையும் கேட்டுப் பாருங்கள்.

விளம்பரத்தில் வரும் விலை பெரும்பாலும் ஒரு கேபினில் இருவர் என்ற கணக்கில் ஓர் ஆளுக்கு. துறைமுகக் கட்டணம், வரி, சேவைக் கட்டணம் எல்லாம் சேர்த்துக் கடைசித் தொகையைக் கேளுங்கள்.

ஹோட்டலை வீண் செலவு என்று வெட்டிவிடாதீர்கள். பாண்டியன் எக்ஸ்பிரஸை மதுரையில் விட்டால் கார் வைத்து கொடைரோட்டில் பிடித்தவர்கள் உண்டு, கப்பலை அப்படித் துரத்த முடியாது. முதல் நாளே மும்பை போய்த் தங்கட்டும்.

கேபின் எடுக்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளமாகக் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. ஜன்னல் இல்லாத உள்கேபின் மலிவுதான், ஆனால் அம்மாவுக்கு வேண்டாம். தலை சுற்றும்போது தொலைவில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் தெளியும். கிளம்பும் முன் மாத்திரைக்கு உங்கள் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.